பழைய கைக்கடிகாரத்தின் விலை

கல்விக் கட்டணம் செலுத்தும் காலம் நெருங்கிய ஒரு மாலைப் பொழுதில், முடிச்சூரில் வாழும் நண்பரொருவர் நம் இல்லம் போந்து, கைக்குட்டையிற் பொதிந்த சிறு பொருளொன்றை மேசைமீது வைத்தார். அவிழ்த்துப் பார்க்க, அஃது ஓர் ஒமேகா கைக்கடிகாரமாய் இருந்தது. அவருடைய தந்தையார் 1970களில் குவைத்துக்குச் சென்று உழைத்து, ஊர் திரும்புங்கால் தமக்கென்று வாங்கிய பொருள் அஃது ஒன்றேயாம். தந்தையார் இப்போது இல்லை. நண்பரின் மகளோ அவ்வாண்டு கல்லூரியிற் சேர்ந்தாக வேண்டும். “இதனை விற்கக் கருதியுள்ளேன், என்ன விலை கேட்கலாம்? ஏமாறாமல் விற்பது எப்படி?” என்று அவர் வினவினார்.

நாம் கடிகார வியாபாரத்தில் பழகியவர் அல்லோம். நம் கையிற் கட்டியிருப்பது பாட்டரியினால் ஓடும் எளிய கடிகாரம். எனினும், நம்மை நம்பி வந்தவர் வெறுங்கையோடு திரும்புதல் தகாது என்று கருதி, அறிந்தாரை அடுத்துக் கேட்டும், நூல்களைப் பார்த்தும், அந்நண்பருடன் சில கடைகளுக்கு நடந்தும் தெரிந்துகொண்டவற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம். நம் மாணாக்கர் பலருடைய வீடுகளில் பீரோவின் உள்ளறையில் இத்தகைய கடிகாரமொன்று உறங்குகின்றது. என்றேனும் ஒருநாள் அதனை எடுத்து விற்கவேண்டிய முடை வரக்கூடும். அவ்வேளையில் இக்கட்டுரை சிறிது பயன்படுமாயின் நம் உழைப்பு வீண் போகாது.

நம்மிடம் வருமுன் அவர் ஐந்து மதிப்புகளைக் கேட்டிருந்தார். தாம்பரம் கடைத்தெருவில் உள்ள அடகுக்கடைக்காரர் கடிகாரத்தைக் கையிலும் வாங்கவில்லை, “இது தங்கம் இல்லை, ஸ்டீல், இதன்மேல் பணம் தருவதற்கில்லை” என்றார். இரயில் நிலையத்தின் அருகே சிறு கண்ணாடிப் பெட்டியின் பின்னமர்ந்து கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர், அதனைக் காதருகே வைத்துக் கேட்டு, “நல்ல மிஷின், ஐயா, விற்காதீர்கள்” என்று சொல்லித் திருப்பித் தந்தார். நகரத்துக் கடையொன்றில் ஒரு தொகை கூறினர். மற்றொரு கடையில் அத்தொகையின் மூன்றிலொரு பங்கே கூறினர். இதற்கிடையில் மைத்துனர் ஒருவர், அதே பெயர் தாங்கிய கடிகாரம் அயல்நாட்டில் பல லட்சத்துக்கு விலைபோன செய்தியைத் தம் கைப்பேசியிற் காட்டி, “அதற்குக் குறைந்து கொடுத்தால் உம்மைப் போல் ஏமாளி இல்லை” என்று எச்சரித்துச் சென்றார்.

ஒரே பொருளுக்கு ஒரே வாரத்தில் ஐந்து மதிப்புகள்! இதில் வஞ்சகம் இருக்கின்றது என்றே நண்பர் முடிவு செய்திருந்தார். நாமும் முதலில் அவ்வாறே நினைத்தோம். பின்னர் விசாரித்தபோதுதான், அவ்வைவரில் ஒருவரும் பொய் கூறவில்லை என்பது விளங்கிற்று. அடகுக்கடைக்காரர் மதித்தது உலோகத்தை. முதியவர் மதித்தது உள்ளிருக்கும் இயந்திரத்தை. மைத்துனர் மதித்தது பெயரை. கடைக்காரர் இருவரும் ஏன் வேறுபட்டனர் என்பதைப் பின்னர்க் கூறுவோம். நம் கருத்து முழுவதும் அவ்வேறுபாட்டின்மேலேயே நிற்கின்றது.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். விலையுயர்ந்த கடிகாரத்தை இக்காலத்தில் எவரும் மணி பார்ப்பதற்காக வாங்குவதில்லை. 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியபோது, வண்டியைத் தவறவிடாமைக்குப் பிழையற்ற கடிகாரம் வேண்டியிருந்தது. அத்தகைய கடிகாரமோ சிலரிடமே இருந்தது. 1969ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஜப்பானிய சீக்கோ நிறுவனம் படிகத்தின் அதிர்வினால் ஓடும் கைக்கடிகாரத்தை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன்பின் அந்நிலை மாறிற்று. இக்காலத்துக் குவார்ட்ஸ் கடிகாரத்தின் உள்ளே ஒரு சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. அத்தகைய கடிகாரம் ஒரு திங்களுக்குச் சில நொடிகளே பிழைபடும். சுவிட்சர்லாந்தில் சோதித்துச் சான்றளிக்கப்படும் உயர்ந்த இயந்திரக் கடிகாரமோ, ஒரு நாளைக்கு 4 நொடி பின்தங்கவும் 6 நொடி முந்தவும் விதி இடந்தருகின்றது. அதாவது, ஆயிரம் ரூபாய்க் கடிகாரம் சில லட்ச ரூபாய்க் கடிகாரத்தினும் சரியான மணி காட்டும். ஆகவே, பழைய கடிகாரத்தை விற்கச் செல்வோர், “இன்றைக்கும் ஒரு நிமிஷம் தவறாமல் ஓடுகின்றது” என்று புகழ்வதனால் விலை உயராது. ஓடாததனால் குறையும், அவ்வளவே.

அங்ஙனமாயின் விலை எதற்கு? வேலைப்பாட்டுக்கும், செய்தார் பெயருக்கும், எளிதிற் கிடையாமைக்கும், பொருளின் நிலைக்கும், அது வந்த வழிக்கும் ஆகும். இவற்றுள் முதலிரண்டையே நம்மவர் அறிவர், கடையிரண்டையும் மறந்துவிடுவர்.

நம்மவர் எப்பொருளையும் பொன்னோடு ஒப்பிட்டே பழகியவர். பொன்னுக்கு நாள்தோறும் விலை அறிவிக்கப்படுகின்றது. எந்த ஊரில் எந்தக் கடைக்குச் சென்றாலும் எடையும் மாற்றும் பார்த்து ஏறத்தாழ அதே தொகையைத் தருவர். கடிகாரத்துக்கு அத்தகைய விலை இல்லை. பொன்னாற் செய்த கடிகாரத்துக்கே இந்த எண்ணத்தால் பெருங்கேடு விளைவதைக் கண்டோம். உயர்ந்த கடிகாரக் கூடுகள் பெரும்பாலும் 18 காரட்டுப் பொன்னால் ஆயவை. அஃதாவது நூற்றில் 75 பங்கு பொன். அதனை நகைக்கடைக்குக் கொண்டுசென்றால், கூட்டைக் கழற்றி நிறுத்து, இயந்திரத்தைக் காகிதத்திற் சுற்றிக் கையில் தருவர். நூறு சிறு உறுப்புகள் இசைந்து ஓடிய ஒன்றனை உருக்குவதற்கு நாமே உடம்படுகின்றோம்! இனி, பொன் முலாம் பூசியதைப் பொன் என்று எண்ணிக் கடையேறி நாணித் திரும்புவோரும் உளர். கூட்டின் உட்புறத்தில் 750 என்ற எண்ணோ 18 காரட்டு முத்திரையோ உண்டா என்று வீட்டிலேயே ஒருவரைக் கொண்டு திறந்து பார்த்துவிட்டால் இம்மானக்கேடு நேராது.

மற்றொரு மயக்கம், உயர்ந்த கடிகாரம் நிலம் போல விலையேறும் என்பது. இதனை இளைஞர் பலர் இப்போது உறுதியாக நம்புகின்றனர். ரோலெக்ஸ், பட்டேக் பிலிப் முதலிய நிறுவனங்களின் சில வகைகள், செய்யப்படும் தொகை குறைவாகவும் விரும்புவோர் தொகை மிகுதியாகவும் இருத்தலின், கடைவிலையினும் மிகுந்து கைமாறுவது உண்மையே. பெருநோய்த் தொற்றுக் காலத்தில் அவ்விலை மிக ஏறி, 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உச்சியைத் தொட்டது; அதன்பின் இறங்கிற்று. உச்சியில் வாங்கியவர் அடைந்த நட்டத்தை எவரும் கைப்பேசியிற் படமெடுத்துப் போடுவதில்லை. பெரும்பாலான கடிகாரங்களோ கடையை விட்டு வெளிவந்த அன்றே விலையில் ஒரு பங்கை இழந்துவிடுகின்றன. கடிகாரத்தை மகிழ்ச்சிக்காக வாங்குவோரை நாம் குறை கூறோம். சேமிப்பு என்று பெயரிட்டு வாங்குவதைத்தான் ஒப்புக்கொள்ளோம்.

இனிப் பெயரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சென்னைக்கு இதில் பழம்பெருமை உண்டு. மவுண்ட் ரோடில் இராபர்ட் சிஷம் என்பார் அமைத்த கட்டடத்தில் விளங்கிய பி. ஆர் அண்டு சன்ஸ் என்னும் நிறுவனம் 1849ஆம் ஆண்டு முதல் வரலாறுடையது. அதன் பெயர் பொறித்த பைக்கடிகாரங்கள் தென்னாட்டு இல்லங்களில் இன்றும் கிடைக்கின்றன. தாத்தா வைத்திருந்த பி. ஆர் கடிகாரம் சென்னையிலேயே செய்யப்பட்டது என்று நம்புவோர் பலர். முகத்தில் இருப்பது விற்றவர் பெயர். உள்ளே உள்ள இயந்திரம் இங்கிலாந்திலோ சுவிட்சர்லாந்திலோ உருவானது. இரயில்வே ஊழியரிடையிலும் படைவீரரிடையிலும் பெயர்பெற்ற வெஸ்ட் எண்டு கடிகாரங்களும் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டு இந்தியாவில் விற்கப்பட்டவையே. ஆதலால் முகத்தை மட்டும் படித்து விலை கூறுதல் அரைகுறை அறிவாகும். பின்மூடியைத் திறந்தால்தான் செய்தவன் யார் என்பது தெரியும். நூறாண்டு கடந்த பழம்பொருளாயின், அதனை வெளிநாட்டுக்கு அனுப்புதற்கு 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் தடை விதித்துள்ளது என்பதையும், அயல்நாட்டார் ஆசைகாட்டும் விலையில் மயங்குவோர் நினைவிற் கொள்ளவேண்டும்.

அயல்நாட்டுப் பெயருக்கே விலை உண்டு என்பதும் பிழை. பெங்களூரில் 1961ஆம் ஆண்டில் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணைகொண்டு கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி. நிறுவனத்தின் ஜனதா, பைலட் முதலியவற்றுக்கு ஒரு காலத்தில் முன்பதிவு செய்து காத்திருந்தனர். பின்னர், தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் கூடி 1984ஆம் ஆண்டில் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கொணர்ந்தபோது, சாவி கொடுக்கும் எச்.எம்.டி.யை மக்கள் கைவிட்டனர். அதன் கடிகாரப் பிரிவை மூடுவதென மத்திய அமைச்சரவை 2016ஆம் ஆண்டு ஜனவரியில் முடிவு செய்தது. அதன் பிறகோ, பெட்டிக்குள் கிடந்த ஜனதாவைத் தேடி வாங்குவோர் தோன்றினர்! பல்லாவரத்தில் பழைய டிரங்கு ரோடில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில், பழைய மின்விசிறிக்கும் துருப்பிடித்த பூட்டுக்கும் நடுவே, சாக்கின்மேல் குவிந்து கிடக்கும் கடிகாரங்களை மண்டியிட்டுக் கிளறும் இளைஞரை நாமே கண்டிருக்கின்றோம். அவர்கள் தேடுவது இத்தகையவற்றையே. விற்பவரோ எல்லாவற்றுக்கும் ஒரே விலை கூறிக்கொண்டிருந்தார்.

நண்பரின் கடிகாரத்துக்கு மீள்வோம். அதற்குப் பெட்டி இல்லை, பில் இல்லை. நகரத்துக் கடையில் இவை இரண்டையும் கேட்டபோது நண்பர் குற்றவாளி போல் நின்றார். ஆயின் நம் நாட்டு நிலையை அறிந்தார் இதில் வியப்படையார். அயல்நாட்டுப் பொருளுக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்த அக்காலத்தில், நல்ல கடிகாரம் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் மணிக்கட்டிற் கட்டி வந்ததாக இருக்கும். அன்றேல், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழரின் பிழைப்புக்காகத் துறைமுகத்தின் எதிரே அமைந்த பர்மா பஜாரில் வாங்கியதாக இருக்கும். சுங்கத்துக்கு அஞ்சிப் பெட்டியையும் பில்லையும் விமான நிலையத்திலேயே எறிந்துவிட்டு வந்தோர் எத்தனை பேர்! ஆகையால் பில் இல்லாமை போலிக்கு அடையாளம் அன்று. அதே பர்மா பஜாரில் போலியும் நிரம்ப விற்றமையால், பில் இல்லாத பொருளை ஐயுறும் கடைக்காரரையும் நாம் பழித்தற்கில்லை.

இவ்வையத்தைத் தீர்க்கக் கடிகாரமே சாட்சி சொல்லும். பழைய ஒமேகாவாயின் இயந்திரத்தின்மேல் வரிசையெண் பொறித்திருக்கும்; பின்மூடியின் உட்புறத்தில் வகையெண் இருக்கும். பழைய ரோலெக்ஸாயின், வாரைக் கழற்றினால், கூட்டின் கொம்புகளுக்கிடையே ஒரு பக்கம் வகையெண்ணும் மறுபக்கம் வரிசையெண்ணும் தோன்றும். வரிசையெண் எக்காலத்தில் செய்தது என்பதை ஏறக்குறைய அறிவிக்கும். வகையெண், இக்கூட்டுக்கு எவ்வியந்திரம், எம்முகம், எம்முட்கள் உரியன என்பதை ஒப்பிட உதவும். லாஞ்ஜீன் போன்ற சில நிறுவனங்கள் பழைய பேரேட்டைப் பார்த்து, இவ்வெண்ணுள்ள கடிகாரம் எந்நாளில் யாருக்கு அனுப்பப்பட்டது என்று எழுதித் தருவதும் உண்டு. இவ்வெண்களைக் குறித்துக்கொள்ளாமல் கடிகாரத்தைப் பிறர் கையில் விட்டுவருதல் கூடாது. உள்ளுறுப்பு மாற்றப்பட்டதென்று பின்னர் முறையிடுவோர்க்கு அவ்வெண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இத்துணையும் பார்த்தபின் நண்பரின் கடிகாரம் மெய்யானது என்பது உறுதியாயிற்று. ஆயினும் இரண்டாம் கடைக்காரர் ஏன் மூன்றிலொரு பங்கு கூறினார்? முதற் கடைக்காரர் மேலே பார்த்து விலை சொன்னார். இரண்டாமவர் கண்ணிற் பூதக்கண்ணாடியைப் பொருத்தி, பின்மூடியைத் திறந்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இந்த டயலுக்குப் புதுப் பெயிண்டு அடித்திருக்கிறார்கள், முட்களும் இதனுடையவை அல்ல, உள்ளே தண்ணீர் போயிருக்கிறது” என்றார்.

நண்பர் அப்போதுதான் நமக்கு முழுக்கதையையும் உரைத்தார். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததை இப்பகுதியார் எவரும் மறவார். நண்பரின் குடும்பம் மாடியில் ஒதுங்கியிருந்தது. கீழே பீரோவுக்குள் பட்டுப்புடவைகளும் நிலப்பத்திரமும் கடிகாரமும் இரண்டு நாள் சேற்றுநீரிற் கிடந்தன. நீர் வடிந்தபின் கடிகாரத்தின் முகம் கறுத்துப் புள்ளிபட்டிருந்தது. தந்தையார் அப்போது உயிரோடிருந்தார். அவர் மனம் வருந்தலாகாது என்று, நண்பர் அதனைப் பழுதுபார்க்கும் கடையொன்றிற் கொடுத்தார். கடைக்காரர் முகத்தைச் சுரண்டி நீல வண்ணம் தீட்டிப் பெயரைப் புதிதாக அச்சிட்டு, துருவேறிய முட்களை எறிந்து வேறு முட்கள் பொருத்தி, கூட்டை மெருகேற்றிப் பளபளவென்று தந்தார். தந்தையார் கண்டு மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சிக்காகச் செய்த செலவை நாம் வீண் என்னமாட்டோம். ஆயின் விற்பனைக்கு அதுவே கேடாயிற்று.

இதனை நம்மவர் நம்ப மறுப்பர் என்பதை அறிவோம். பழைய பொருளை விற்குமுன் விளக்கித் துடைத்துப் புதிது போல் ஆக்குதல் நம் வழக்கம். வீட்டை விற்பவர் சுண்ணாம்பு அடிப்பர். மாட்டை விற்பவர் கொம்பு சீவி எண்ணெய் தடவுவர். பழங்கடிகாரத்தில் இவ்வழக்கம் தலைகீழாகின்றது. அது செய்யப்பட்ட நாளில் ஆலையில் தீட்டிய முகம், சற்று மங்கி மஞ்சள் ஏறியிருந்தாலும், புதுவண்ணத்தினும் பல மடங்கு மதிக்கப்படுகின்றது. காரணம் எளிது: மங்கிய முகம் ஒன்றே ஒன்று, புதுவண்ணத்தை எவனும் எத்தனை முறையும் தீட்டலாம். கூட்டை அடிக்கடி மெருகேற்றினாலும் விளிம்புகள் தேய்ந்து, செய்தவன் கொடுத்த வடிவம் அழிந்துவிடும். பம்பாயில் பழைய கடிகாரங்களுக்குச் சிவப்பும் பச்சையுமாக வண்ணம் தீட்டி விற்கும் தொழில் பெருகியமையால், அயல்நாட்டுச் சேகரிப்போர் அத்தகையவற்றுக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே கேலிப்பெயர் இட்டுள்ளனர். இந்தியாவிலிருந்து வரும் நல்ல கடிகாரத்தையும் அவர்கள் முகஞ்சுளித்துப் பார்ப்பதற்கு இதுவே காரணம். ஆகவே விற்கக் கருதுவோர்க்கு நாம் கூறுவது: மென்துணியால் துடையுங்கள், அதற்குமேல் ஒன்றும் செய்யாதீர்கள். முன்பு பழுதுபார்த்தபோது கழற்றிய உறுப்பு ஏதேனும் சிறு பொட்டலத்தில் இருந்தால் அதனை எறியாமல் உடன் கொடுங்கள். முகத்தை மாற்றியே ஆகவேண்டுமாயின் பழைய முகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கறுத்த தகடு குப்பை அன்று.

அன்றிரவு நண்பர் நம்மிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரையின் கரு. “முதற் கடைக்காரர் கவனிக்கவில்லை. அவரிடமே கொடுத்துவிடலாமே? வெள்ளத்தைப் பற்றி நானாக ஏன் சொல்லவேண்டும்? கேட்டால் சொல்லலாம் அன்றோ?” என்றார். அவர் நேர்மையற்றவர் அல்லர். மகளின் கட்டணம் அவர் தலைமேல் நின்றது. இரு தொகைகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு அவருக்கு ஏறக்குறைய இரண்டு திங்கட் சம்பளம்.

நாம் உடனே மறுமொழி கூற இயலாது தயங்கினோம். வாங்குபவன் வியாபாரி, பார்த்து வாங்கவேண்டியது அவன் கடமை என்னும் வாதம் வலியுடையதே. வியாபாரி நம் அறியாமையால் ஊதியம் பெறும்போது, அவன் கவனக்குறைவால் நாம் ஊதியம் பெற்றால் என்ன? ஆயினும் நாம் சொல்லத்தான் வேண்டும் என்றே கருதினோம். நீர் புகுந்த கடிகாரம் மற்ற குறைகளைப் போன்றதன்று. துரு உள்ளிருந்துகொண்டே உறுப்புகளைத் தின்னும், இன்று ஓடும், ஓராண்டு கழித்து நிற்கும். முதற் கடைக்காரர் அதனைத் தம் கையில் வைத்துக்கொள்ளப் போவதில்லை; அறியாத ஒருவனுக்கு விற்பார். அவனும், ஒருவேளை, முதற்சம்பளத்தில் தன் தந்தைக்கு வாங்கித் தர விரும்பும் ஓர் இளைஞனாக இருக்கலாம். அன்றியும், வெள்ளத்தைக் கூறாவிடில் குவைத்தையும் கூற முடியாது. இக்கடிகாரம் வந்த வழி முழுவதையும் மறைத்து, வெறும் பளபளப்பையே விற்கவேண்டும். ஐம்பதாண்டு ஒரே குடும்பத்தில் இருந்தது, எண்கள் ஒத்துள்ளன, இயந்திரம் மாற்றப்படவில்லை, இன்ன ஆண்டில் நீர்பட்டது, இன்னின்ன உறுப்புகள் புதியவை என்று ஒரு தாளில் எழுதிக் கடிகாரத்துடன் வைத்தால், ஐயம் நீங்கிய அளவுக்கு விலை ஏறவும் கூடும் என்றோம். ஏறாமலும் போகலாம் என்பதையும் மறைக்கவில்லை.

வந்த வழிக்கு விலை உண்டு என்பதற்கு உலகறிந்த சான்றுகள் உள. அமெரிக்க நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் கடிகாரம் 2017ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கு ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குமேல் விலைபோயிற்று. அதன் பின்மூடியில், கார்ப் பந்தயத்தில் விருப்பமுடைய கணவர் கவனமாக ஓட்டவேண்டும் என்று அவர் மனைவி பொறிப்பித்த சிறு வாசகம் இருந்தது. 2009ஆம் ஆண்டு மார்ச்சில் அதே நகரில் காந்தியடிகளின் பைக்கடிகாரம், அவருடைய மூக்குக்கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவற்றோடு 18 லட்சம் டாலருக்கு ஏலம்போயிற்று. இவற்றில் விலைபெற்றது கடிகாரம் அன்று, கட்டிய கை. ஆயின், நம் தந்தையார் பெயரைப் பின்மூடியிற் பொறித்திருந்தால் வாங்குபவர் விலையைக் குறைக்கவே செய்வார். ஊரறியாத பெயர் அவருக்கு ஒரு கீறலுக்கு ஒப்பாகும். இது கொடிதாகத் தோன்றினும் நியாயமே. நாம் தந்தையிடத்து வைத்த அன்புக்குப் பிறர் பணம் தரக் கடமைப்பட்டவர் அல்லர். விற்பவர் பலர் இவ்வன்பை விலையிற் சேர்த்துக் கேட்டு, கிடையாதபோது உலகை வைது திரும்புகின்றனர்.

வியாபாரி கொள்ளும் ஊதியத்தைப் பற்றியும் ஒரு சொல். அவர் உடனே பணம் தருகின்றார், பழுதுபார்க்கின்றார், விற்கும்வரை முதலை முடக்குகின்றார், பின்னர்ப் பழுதுபட்டால் பொறுப்பேற்கின்றார். ரோலெக்ஸ் நிறுவனமே 2022ஆம் ஆண்டு டிசம்பரில் பழைய கடிகாரங்களைச் சோதித்துச் சான்றளித்து ஈராண்டு உத்தரவாதத்துடன் விற்கும் முறையைத் தொடங்கியது. அவ்வுத்தரவாதத்துக்கு வாங்குவோர் மகிழ்ந்தே மிகுவிலை தருகின்றனர். ஆகவே கடையின் கண்ணாடிக்குள் காணும் விலை நம் கைக்கு வரும் விலையாகாது. பொறுத்திருக்க இயலுமாயின், கடையில் ஒப்படைத்து விற்றபின் தரகு கழித்துப் பெறலாம். அன்றேல் சேகரிப்போருக்கு நேரே விற்கலாம். எவ்வழியாயினும், 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2017ஆம் ஆண்டு முதல் வருமானவரிச் சட்டம் தடுத்துள்ளது. வங்கி வழியே பெறுக.

தந்தையின் பொருளை விற்பது தகுமா என்று கேட்போரும் உளர். நண்பரின் உறவினர் சிலர் அவ்வாறு பேசினர். அவர்களில் ஒருவரும் கட்டணத்துக்கு ஒரு ரூபாய் தந்ததாகக் கேள்வியில்லை. பாலைவனத்தில் வெயிலில் நின்று அக்கடிகாரத்தை ஈட்டியவர், பேத்தி படிப்பதற்கு அது பயன்படுவதை வெறுப்பார் என்று நாம் எண்ணவில்லை.

முடிவில் நண்பர் அத்தாளை எழுதினார். மயிலாப்பூரிலிருந்து கடிகாரம் சேகரிக்கும் அன்பர் ஒருவர் முடிச்சூருக்கே வந்து, தாளை இருமுறை படித்து, மூடியைத் திறந்து எண்களை ஒப்பிட்டு, இரண்டாம் கடைக்காரர் கூறியதினும் மிகுதியாகவும் முதற் கடைக்காரர் கூறியதினும் குறைவாகவும் ஒரு தொகை சொன்னார். நண்பர் இசைந்தார். அவ்வேளையில் வந்தவர் பார்வை சுவர்மேற் சென்றது. அங்கே, குவைத்தில் ஒரு கட்டடத்தின் முன் இளமைக் கோலத்தில் நிற்கும் தந்தையாரின் படம் தொங்கிற்று. மணிக்கட்டில் அக்கடிகாரம், பழைய வெள்ளை முகத்துடன், தெளிவாகத் தெரிந்தது. உயரத்தில் மாட்டியிருந்தமையால் வெள்ளம் அதனைத் தொடவில்லை. “இப்படத்தையும் தந்தால் இன்னும் ஐயாயிரம் தருகின்றேன்; கடிகாரத்தின் வரலாற்றுக்கு இதனினும் நல்ல சாட்சி இல்லை” என்றார் அவர்.

நண்பர் தாயாரை நோக்கினார். அம்மையார் உள்ளிருந்து வந்து, “கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போங்கள், தம்பி, படம் இருக்கட்டும்” என்று சொல்லி, வந்தவருக்குக் காப்பி கொண்டுவரச் சென்றார்.